பால்பாண்டி நடை

“ஒருத்தருக்குக்கூடவா அழியல?”

“ஒருத்தருக்குக்கூட அழியல மேடம்! உங்க கையவே பாருங்களேன்.”

“என் கைய நான் அம்பத்தாறு வருசமாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீ என்னத்தக் கண்டேன்னு சொல்லும்மா.”

மகிழினி தடமானியின் திரையைத் தலைமையாசிரியை சுபைதா பேகத்தின் பக்கம் திருப்பினாள். அவருடைய மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டை வண்டுபோல் முனகிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு நீலக் கோடு. இருட்டில் வெட்டிய மின்னல் மறையாமல் அப்படியே நின்றுவிட்டது போல, கிளைவிட்டு, வளைந்து, ஓரிடத்தில் முடிச்சிட்டு, மறுபடி நீண்டு கிடந்தது.

“இதுதான் உங்க காலை நடை. ஆறு வருசத்துக்கு முன்னாடி உங்களுக்குள்ள வார்த்தது. இன்னிக்கு வார்த்த மாதிரி இருக்கு.”

“அழகாத்தான் இருக்கு. சேலைக்கு பார்டர் போடலாம்.”

ஆசிரியர் அறை முழுக்கச் சிரித்தது. மகிழினியும் சிரித்தாள். காலையிலிருந்து இந்தப் பள்ளியின் முப்பது பேரை ஒவ்வொருவராக அளந்து முடித்திருக்கிறாள். முப்பது மின்னல்கள். முப்பதும் அணையாத மின்னல்கள்.

புல்தரையில் ஒரே வழியாகப் பலநாள் நடந்தால் ஒற்றையடிப் பாதை விழுந்துவிடுகிறது. நரம்புகளிலும் அப்படித்தான் என்று கண்டுபிடித்தபோது உலகம் கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு பழக்கமும் உடம்புக்குள் ஒரு தடம். அதைப் பார்க்க ஒரு கருவி வந்தது, தடமானி. பிறகு ஒருவருடைய தடத்தை அச்செடுத்து இன்னொருவருக்குள் ஊற்றும் வித்தையும் வந்தது. அதற்குப் பழக்க வார்ப்பு என்று பெயர். யாருடைய பழக்கத்தை எடுக்கிறார்களோ அவர் வார்ப்பு மூலர். அவர் நாற்பது நாள் ஒரு மெல்லிய தொப்பியைப் போட்டுக்கொண்டு தன்பாட்டுக்கு வாழ்ந்தால் போதும். அதன்பின் மற்றவர்கள் ஒரு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருந்தால், மறுநாள் விடிகாலை அவர்களுடைய கால்கள் தாமாகவே செருப்பைத் தேடும்.

முதலில் பள்ளி ஊழியர்களுக்குத்தான் செய்து பார்த்தார்கள். நாள் முழுக்க நின்று நரம்பு சுருண்ட கால்கள், கழிப்பறைக்குப் போக நேரமில்லை என்று தண்ணீரே குடிக்காத தொண்டைகள், விடைத்தாளோடு கொறித்த முறுக்குகள். அதற்கு முன்பும் எத்தனையோ நலவாழ்வுத் திட்டங்கள் வந்து போயிருந்தன. யோகா வாரம், கைப்பேசியில் அறிவுரை, இலவசத் தண்ணீர்ப் புட்டி. திட்டம் முடிந்த மூன்றாம் மாதம் எல்லாம் பழையபடி ஆகிவிடும். சான்றிதழ் மட்டும் சுவரில் தங்கும்.

பழக்க வார்ப்பும் அந்த வழியில்தான் போயிருந்தது. பன்னிரண்டு பள்ளிகளில் செய்தார்கள். ஆறு வருடம் கழித்து மிச்சம் என்ன என்று பார்த்து வர மகிழினியை அனுப்பியிருந்தார்கள். பதினோரு பள்ளிகளில் அவள் கண்டது சாம்பல். தடங்கள் மங்கி, உதிர்ந்து, புல் மூடிக் கிடந்தன. “ஆமாமா, கொஞ்ச நாள் நடந்தோம்” என்று சொல்லி வடையை நீட்டினார்கள். இது நல்ல சேதி அல்ல என்று எழுதி முடித்துவிடும் மனநிலையில்தான் அவள் மலையடிவாரத்து மேலக்கரட்டுக்கு வந்து இறங்கினாள்.

வந்த இடத்தில் இது!

“மேடம், உங்க பள்ளிக்கூடத்துல மூலர் யாரு? கோப்புல ‘பால்பாண்டி, ஆய்வக உதவியாளர்’னு மட்டும் இருக்கு. எப்படி அவரத் தேர்ந்தெடுத்தீங்க? மத்த எடத்துல எல்லாம் உடற்கல்வி ஆசிரியருங்க. உடம்பு ரொம்ப நல்லா இருக்கிறவங்களத் தேர்ந்தெடுக்கணும்னுதான உத்தரவு?”

சுபைதா டீச்சர் ஓரமாக உட்கார்ந்திருந்த உடற்கல்வி ஆசிரியர் அருளானந்துவைப் பார்த்தார். அருளானந்து மேற்கூரையைப் பார்த்தார்.

“உத்தரவு வந்துச்சும்மா. படிச்சும் காட்டினேன். உடனே முதுகலை ஆசிரியருங்க எல்லாம் எந்திரிச்சு, சீனியாரிட்டி யாருக்குன்னு கேட்டாங்க.”

“எதுக்கு?”

“எதுக்கா? கவர்மெண்ட் பள்ளிக்கூடத்துல ஒரு தொப்பி வருதுன்னா அது சீனியருக்குத்தான் வரணும். அருளானந்து தலையில வச்சா, ஒரு ஜூனியரோட பழக்கத்த சீனியருங்க எப்படி வாங்கிக்குவாங்க? பட்டதாரி ஆசிரியருங்க விடல. சேந்த தேதிய வச்சுப் பாருன்னாங்க. இவங்க, பதவி உயர்வு தேதிய வச்சுப் பாருன்னாங்க. ரெண்டு நாள் இண்டர்வெல்ல டீ ஆறிப்போச்சு.”

“நான் வேணாம்னுதான் சொன்னேன்,” என்றார் அருளானந்து. “என்னைய யாரும் கேக்கவும் இல்ல.”

“கடைசியில ரெண்டு பட்டியல்லயும் இல்லாத ஆளாப் பாப்போம்னு முடிவாச்சு. பால்பாண்டி அண்ணன் அவங்கப்பா இறந்து கருணை அடிப்படையில பத்தொம்பது வயசுல வேலைக்கு வந்தவரு. மொத்தப் பள்ளிக்கூடத்துக்கும் சீனியர் அவருதான். சண்டை தீந்துச்சு. நல்லவேளையா மனுசன் தெனம் காலையில நடப்பாரு. மெடிக்கல் லீவே போட்டதில்ல.”

மகிழினிக்கு எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது. சிறுவயதில் நூலகத்தில் ஒடுங்கி உட்கார்ந்து கடல்பயணக் கதைகள் படித்திருக்கிறாள். வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்த மாலுமிகள்தான் அவற்றில் புதிய தீவுகளைக் கண்டடைவார்கள். இதோ, ஆசிரியர் அறையில் ஒரு தலைகீழ் வரைபடம்.

“அவர் இப்ப எங்க இருக்காரு?”

“ரிட்டயர் ஆகி நாலு வருசம் ஆச்சு. இதே ஊர்தான், மார்க்கெட்டுக்குப் பின்னாடி மகன் வீடு. பொண்ணக் கோயம்புத்தூர்ல கட்டிக் குடுத்திருக்கேன்னு சொல்லுவாரு. அதிகம் பேச மாட்டாரு.”

அன்று மாலையே மகிழினி முடிவுகளை அனுப்பினாள். முதல் வரியில் பெரிய எழுத்தில், ‘அழியாத வார்ப்பு ஒன்று கிடைத்துவிட்டது’ என்று எழுதினாள். பத்து நிமிடத்தில் திட்ட இயக்குநர் நடேசன் தொலைபேசியில் கத்தினார்.

“மகிழினி! நெசமாவா?”

“நெசம் சார். முப்பது பேர். எடை, சர்க்கரை, இரத்த அழுத்தம் எல்லாமே இறங்கி அங்கயே நிக்குது.”

“அந்த வார்ப்பு நம்ம கிடங்குல பத்திரமா இருக்கு. திங்கக்கெழமையே மாவட்டம் முழுக்க ஊத்திரலாம். பன்னெண்டாயிரம் ஊழியர்! அடுத்த வருசம் மாநிலம். ஒருவேளை பின்னால அழிக்க வேண்டி வந்தா?”

“அழிக்க முடியாது சார். அதுதான் இதுல அழகே!”

சொல்லிவிட்டு அவள் விடுதி மாடியில் போய் நின்றாள். தூரத்து ஏலத்தோட்டங்களிலிருந்து காற்று வாசனையைக் கொண்டுவந்தது. மாநிலம் முழுவதும், ஊர் ஊராக, விடிகாலைப் பனியில் ஆசிரியர்களும் எழுத்தர்களும் சமையலர்களும் நடந்துபோவதை அவள் கற்பனை செய்தாள். எல்லாரும் ஒரே நடையில். பால்பாண்டி நடை. அந்தப் பெயரை அவளே வைத்தாள், வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தாள்.

ஒன்றே ஒன்றுதான் புரியவில்லை. அந்த முடிச்சு. முப்பது பேரின் கோட்டிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி முடிச்சு. பதினோரு பள்ளிகளில் அது இல்லை. கயிறு காற்றில் பறந்துவிடாமல் ஆணி பிடித்து வைத்திருப்பது போல, கோடு முழுவதையும் அந்த முடிச்சுதான் பிடித்து வைத்திருக்கிறதோ?

மறுநாள் விடியற்காலை அவளும் அவர்களோடு நடந்தாள்.

பள்ளி வாசலில் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. சுபைதா டீச்சர் ஒரு சந்திலிருந்து வந்தார், அருளானந்து இன்னொன்றிலிருந்து. எழுத்தர், சத்துணவு அமைப்பாளர், தாவரவியல் ஆசிரியை எல்லாரும் ஓடைகள் ஆற்றில் சேர்வது போலச் சாலையில் வந்து சேர்ந்தார்கள். பேச்சு, கிண்டல், இருமல். ஆனால் கால்கள் மட்டும் ஒரே தாளத்தில். இடதுகால் சற்று அழுத்தமாக விழுந்தது, எல்லாருக்கும்.

“பால்பாண்டி அண்ணனுக்கு எடது கால்ல ஆணி,” என்று அருளானந்து கிசுகிசுத்தார். “ஆணி எங்களுக்கு வரல. நடை மட்டும் வந்துருச்சு.”

“அவர் உங்ககூட நடக்க மாட்டாரா?”

“வார்ப்புக்கு அப்பறம் நடையில பாக்கவே இல்லம்மா. வேற பக்கமாப் போறாரு போலன்னு விட்டுட்டோம். பெரிய மனுசன், கூட்டம் பிடிக்காது.”

சாலை ஊரைத் தாண்டி ஓடைத்தெருவில் திரும்பியது. அங்கே ஒரு மதகு. மதகை அடைந்ததும் முப்பது பேரும் நின்றார்கள்.

யாரும் நில் என்று சொல்லவில்லை. பேச்சு பாதியில் அறுந்தது. எல்லாரும் எதிர்ப்பக்கம் இருந்த ஒரு வீட்டின் பக்கம் திரும்பினார்கள். பிறகு மகிழினி கண்டதை அவளால் நம்ப முடியவில்லை. முப்பது வலது கைகள் முகத்துக்குப் போயின. எதையோ கழற்றின. சட்டை நுனியில், முந்தானையில், துப்பட்டாவில் வைத்து, கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் வட்டமாகத் தேய்த்தன. அவர்களில் கண்ணாடி போட்டவர்கள் ஏழெட்டுப் பேர்தான் இருப்பார்கள். மற்றவர்கள் வெறும் துணியை வெறும் விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அருளானந்துவுக்குக் கழுகுப் பார்வை. அவரும் தேய்த்தார்.

பிறகு எல்லாரும் அந்த வீட்டைப் பார்த்தார்கள். பசி வந்த குழந்தை அடுக்களையைப் பார்ப்பது போல.

“இங்க எதுக்கு சார் நிக்கிறீங்க?” என்று மகிழினி மெல்லக் கேட்டாள்.

“இங்கயா? காத்து நல்லா வரும்மா.”

“மூச்சு வாங்கிக்கணும்ல,” என்றார் எழுத்தர்.

“மலை தெரியும் இங்கருந்து,” என்றார் தாவரவியல் ஆசிரியை. மலை அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

சுபைதா டீச்சர் மட்டும் யோசித்துவிட்டுச் சொன்னார். “தெரியலம்மா. நிக்கலைன்னா அன்னிக்குப் பூரா எதையோ வீட்டுல வச்சுட்டு வந்த மாதிரியே இருக்கும். நம்ம கணக்கு வாத்தியாரு சேது திண்டுக்கல்லுக்கு மாறுதல்ல போனாருல்ல, அங்கயும் இதே தூரத்துல போய் நிக்கிறாராம். யாரோ பேங்க் மேனேஜர் வீட்டு வாசலாம் அது. ரெண்டு தடவ போலீசக் கூப்பிட்டுட்டாங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். எதிர்வீட்டின் தகரக் கதவு கரகரவென்று மேலேறியதும் சிரிப்பு நின்றது. உள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது பேரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். பிறகு ஊர்ப்பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து பேசிக்கொண்டே போய்விட்டார்கள்.

மகிழினி மட்டும் நின்றாள். முடிச்சு! இதுதான் அந்த முடிச்சு. ஓடாத குறையாகச் சாலையைக் கடந்தாள்.

அது மின்கல மாற்றுக் கடை. வண்டிக்காரர்கள் தீர்ந்த மின்கலத்தைக் கொடுத்துவிட்டு நிறைந்ததை வாங்கிப் போவார்கள். அந்தப் பெண் அடுக்குகளைத் துடைத்தபடியே சொன்னாள்.

“நீங்க புதுசு. நீங்க தொடைக்கல.”

“எத?”

“அவங்க தொடைக்கிறாங்கள்ல, அத.”

மகிழினி தன்னை யாரென்று சொன்னாள். வார்ப்பு, தடம், முடிச்சு எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். அந்தப் பெண் கைவேலையை நிறுத்தவில்லை. பால்பாண்டி என்ற பெயரைக் கேட்டதும் கை நின்றது.

“அப்ப அவரு அனுப்பல,” என்றாள்.

“யாரு?”

“எங்கப்பா.”

தெருவில் பால்வண்டி ஒன்று போனது. சங்கவி, அதுதான் அவள் பெயர், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தானே உட்கார்ந்துகொண்டாள்.

“பத்து வருசத்துக்கு முன்னாடி எனக்குப் பிடிச்ச ஆளக் கட்டிக்கிட்டேன். வேற சாதி. அப்பா பேச்ச நிறுத்திட்டாரு. எங்கம்மா உயிரோட இருந்திருந்தா நடுவுல நின்னு ஏதாவது செஞ்சிருக்கும். ஊர்ல எல்லார்கிட்டயும் நான் கோயம்புத்தூர்ல இருக்கேன்னு சொல்லிக்கிட்டாரு. நான் இந்தா, ஒன்றரை மைல்ல இருக்கேன்.”

“கடைய இங்க வச்சது அவருக்குத் தெரியுமா?”

“வச்ச மறுநாளே வந்துட்டாரே! நடக்குற மாதிரி வருவாரு. மதகுல நிப்பாரு. நின்னதும் கண்ணாடியக் கழட்டித் தொடைப்பாரு. நல்லாத் தெரியணும்ல. நான் வெளிய வந்ததும் ஒண்ணும் தெரியாத மாதிரி திரும்பிப் போயிருவாரு. நானும் பாக்காத மாதிரி கதவத் தூக்குவேன். நாலு வருசம் அப்படித்தான். ஒரு நாளு மழையில ஒடஞ்ச கொடையப் புடிச்சுக்கிட்டு வந்து நின்னாரு மனுசன்.”

அவள் சிரித்தாள். சிரிப்பு கோபத்தில் போய் முடிந்தது.

“மவ பொறந்தா. மூணு மாசம் ஆகட்டும், வெளியில தூக்கிட்டு வந்து நிப்போம், அதுக்கப்பறம் மனுசன் எப்படித் திரும்பிப் போறாருன்னு பாப்போம்னு இருந்தேன். அன்னிக்குப் புள்ளையக் குளிப்பாட்டிப் பொட்டு வச்சுத் தூக்கிட்டுக் கதவத் தெறக்கேன், மதகுல ஒரு கூட்டமே நிக்குது! எல்லாரும் எங்கப்பா மாதிரியே தொடைக்கிறாங்க. எங்கப்பாவ மட்டும் காணோம். பயந்துபோயி உள்ள ஓடிட்டேன்.”

“அவங்ககிட்ட நீங்க கேக்கலையா?”

“கேட்டேன். ‘வாக்கிங்மா, உடம்புக்கு நல்லது’ன்னாங்க. சரி, இவரு வர வெக்கப்பட்டுக்கிட்டு ஊரையே அனுப்பி வைக்கிறாருன்னு நெனச்சேன். கொஞ்ச நாள்ல அப்படியும் இல்லன்னு தோணுச்சு. ஆறு வருசமா இத்தன பேரு என்னையப் பாத்துட்டுப் போறாங்க. பாக்க வேண்டிய ஆளு வரல.”

“நீங்க போய்ப் பாக்கலாமே?”

“ஏன், நான் எதுக்குப் போகணும்?” சங்கவி எழுந்தாள். “நான் தப்பு ஒண்ணும் பண்ணலியே. அவரு வந்து நின்னாருன்னா மதகு வரைக்கும் நான் போறேன். அம்புட்டுத்தான். அதுக்கு மேல ஒரு அடி கிடையாது.”

திரும்பும் வழி முழுக்க மகிழினியின் மனம் பறந்தது. புரிந்துவிட்டது! மற்ற பதினோரு பள்ளிகளில் மூலர்கள் உடம்புக்காக நடந்தவர்கள். அந்த நடையில் ஆணி இல்லை, காற்றில் போய்விட்டது. இங்கே மட்டும் நடைக்கு அடியில் ஒரு மனிதர் மகளைப் பார்க்கப் போயிருக்கிறார். ஏக்கம்தான் முடிச்சு. ஏக்கம் இல்லாமல் ஊற்றிய எந்தப் பழக்கமும் தங்காது. இதை உலகத்துக்குச் சொன்னால் என்ன ஆகும்! வாக்கியங்கள் தலைக்குள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடின.

மார்க்கெட்டுக்குப் பின்னால் மகன் வீட்டுத் தாழ்வாரத்தில் பால்பாண்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடதுகாலில் பெரிய கட்டு. மூக்கில் தடித்த கண்ணாடி. அந்தக் கால் தரையில் படாமல் ஒரு முக்காலி மேல் கிடந்தது.

“சக்கரைப் புண்ணு தாயி. ஆற மாட்டேங்குது. ஒக்காந்தே இருந்தா ரத்தம் எங்கிட்டு ஓடும்னு டாக்டரு திட்டுறாரு. நீ ஒக்காரு.”

முப்பது பேருக்குச் சர்க்கரையை இறக்கிய மனிதரின் கட்டை மகிழினி சற்று நேரம் பார்த்தாள். பிறகு தடமானியின் பட்டையை அவர் மணிக்கட்டில் கட்டினாள். ஆறு வருடமாக மதகுப் பக்கம் போகாதவரிடம் தடம் சாம்பலாகத்தான் இருக்கும். இருந்தாலும் அளவு வேண்டுமே.

திரை வெளுத்தது. அவள் கண்களைச் சுருக்கிக்கொண்டாள். அது கோடாக இல்லை. எரிந்துகொண்டிருந்தது. நடுவில் அந்த முடிச்சு, விடிவெள்ளி போல.

“ஐயா... நீங்க மதகுப் பக்கம் வர்றதே இல்லைனு சொன்னாங்களே!”

“எங்க நடக்க? ஆனா முழிப்பு மட்டும் வந்துரும். அஞ்சு மணிக்குச் சட்டையப் போட்டுருவேன், செருப்ப மாட்டிருவேன். இந்தக் கதவு வரைக்கும் வருவேன். அப்பறம் இதப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருவேன்.” நாற்காலியின் கைப்பிடியைத் தட்டிக் காட்டினார். அவர் பிடிக்கும் இடத்தில் பெயிண்ட் தேய்ந்து மரம் தெரிந்தது.

“ஏன் போறத நிறுத்தினீங்க?”

அவர் குனிந்து கால்கட்டின் நுனியை உள்ளே செருகினார்.

“நான் சங்கவியப் பாத்துட்டு வர்றேன் ஐயா.”

பால்பாண்டி கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் வைத்துத் தேய்த்தார், கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் வட்டமாக. ஊரே செய்யும் அந்தச் சைகையை முதல்முறையாக மூலரின் கையில் பார்த்தாள் மகிழினி. இங்கே விரல்களுக்கு நடுவே கண்ணாடி இருந்தது.

“தொப்பியப் போட்டுக்கிட்டு நடக்கச் சொன்னாக. நடந்தேன். நிக்கிறதும் அதுல ஏறும்னு ஒருத்தரும் சொல்லல தாயி. ஒரு நாளு வழக்கம்போலப் போறேன், மதகுல அருளானந்து சாரு நிக்கிறாரு, டீச்சரு நிக்கிறாக, பியூன்லருந்து எல்லாரும் நிக்கிறாக. நான் நிக்கிற எடத்துல. எம்மகளத்தான் பாக்குறாக. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. பொண்ணு கோயம்புத்தூர்ல இருக்குன்னு இத்தன வருசம் கூட வேல பாத்தவுககிட்டச் சொல்லி வச்சிருக்கேன். அவுக நடுவுல போயி நான் என்னன்னு நிக்க? மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுருமே. மரத்து மறைவுலயே திரும்பிட்டேன். நாளைக்குப் போயிருவாகன்னு பாத்தேன். அடுத்த மாசம் விட்ருவாகன்னு பாத்தேன். எத்தனையோ திட்டம் வந்துச்சு, எதத்தான் இவுக மூணு மாசத்துக்கு மேல செஞ்சாக? இத மட்டும் விடல.”

“நேரா வீட்டுக்கே போகலாமே ஐயா. மத்தியானம் போங்க. அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

“அதுக்கு ஒரு மூஞ்சி வேணும்ல? நடந்துபோறவன் நின்னான்னா அது நின்னதுதான். வீட்டுக்குப் போனா, வந்ததாயிரும்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “நாலு பேரு குத்தஞ்சொன்னாலும் பரவாயில்ல, ஆனா அப்பனா வந்து நின்னவன் அப்பனாத்தான் பேசணும். எனக்குப் பேசத் தெரியாது தாயி. நிக்கத்தான் தெரியும்.”

மகிழினி சொல்லிவிட்டாள். சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் சொல்லிவிட்டாள். சங்கவி அவருடைய பேத்தியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த காலையை, குழந்தைக்கு வைத்த பொட்டை, அவர் மதகில் நின்றால் மகள் மதகு வரை வருவாள் என்பதை.

பால்பாண்டியின் இடதுகால் முக்காலியில் லேசாக அசைந்தது. தடமானி இன்னும் அவர் கையில்தான் இருந்தது. திரையில் முடிச்சு துடித்தது.

“மதகு வரைக்கும் வாறேன்னுச்சா?”

“ஆமா.”

“அதுவாச் சொல்லுச்சா?”

“அவங்களே சொன்னாங்க.”

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். பிறகு எதையோ நினைத்து உட்கார்ந்தார். முகத்தில் ஏறிய வெளிச்சம் அப்படியே நின்று யோசித்தது.

அப்போதுதான் மகிழினியின் கைப்பேசியில் இயக்குநரின் குரல்செய்தி வந்தது. அவள் தொடுவதற்குள் அதுவே பேச ஆரம்பித்தது. ‘உத்தரவு வந்துருச்சு மகிழினி! திங்கக்கெழம மாவட்டம் முழுக்க! நீங்க இருக்கிற ஊர்லயே இன்னும் ரெண்டு பள்ளிக்கூடத்துலருந்துதான் ஆரம்பம், அங்க வழி பழக்கமா இருக்கும்ல, நேரா பால்பாண்டி நடை போற ரோட்டுலயே...’

அவள் அதை அணைத்தாள். பால்பாண்டி எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

“என் பேர வச்சிருக்காகளா?”

“நான்தான் வச்சேன் ஐயா.”

“இன்னும் நெறைய பேரு வருவாகளா, அங்க?”

மகிழினி தலையை மட்டும் ஆட்டினாள். நேற்று மாடியில் நின்று பார்த்த கனவு மறுபடி வந்தது. ஊர் ஊராக, பனியில், ஆயிரம் ஆயிரம் பேர். இப்போது அவர்கள் நடக்கவில்லை. ஏதோ ஒரு வாசலுக்கு எதிரே நின்று, இல்லாத கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, யாரென்று தெரியாத ஒருத்தி வெளியே வரக் காத்திருந்தார்கள். அழிக்க முடியாது, அதுதான் இதில் அழகே என்று தான் சொன்னது அவள் காதில் கேட்டது. அவள் குரல் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது!

பால்பாண்டி குனிந்து முக்காலிக்கு அடியிலிருந்து செருப்புகளை இழுத்தார். ஒன்று நன்றாகத் தேய்ந்தது, மற்றது கட்டுக்குத் தோதாக வார் அறுத்தது. இரண்டையும் ஜோடியாக வைத்துவிட்டு, வேலையில் சேர்ந்த காலத்தில் தலைமையாசிரியர் அறை வாசலில் விடுப்புக் கேட்டு நின்றிருப்பாரே, அப்படி ஒரு முகத்தோடு நிமிர்ந்தார்.

“நீதான தாயி இதுக்கெல்லாம் அதிகாரி? ஒரே ஒரு நாளு. ஒரு நாளு மட்டும், அவுக எல்லாரும் அந்தப் பக்கம் வராமப் பாத்துக்கிறியா?”